விளக்கு விற்க வந்தவர்

ரொறன்ரோவில் வாழும் என் தங்கையின் மகனுக்குத் தொய்வு. வெப்பக்காற்றுக் குழாயினுள் புற ஊதா விளக்கொன்றைப் பொருத்தினால் நோய் பறந்துவிடும் என்றாராம் விற்பனையாளர். "அண்ணா, வாங்கட்டோ?" என்று கேட்டாள்.

விளக்கு பொய்யன்று. போல்ற்றிமோர் மருத்துவமனையொன்றில் காசநோயாளரின் அறைக் காற்றைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி றிச்சர்ட் றைலி ஆராய்ந்தார். முடிவு 1962இல் வெளியானது. புற ஊதா ஒளிபட்ட காற்றைச் சுவாசித்தவை தப்பின. ஏனையவற்றுள் பல நோயுற்றன.

ஆனால் அவ்வொளி கிருமிக்கு எதிரி. தூசியையும் பூனையின் பொடுகையும் அது என்ன செய்யும்? தங்கை வீட்டில் பூனையும் உண்டு. குழாயில் காற்று விளக்கைக் கடப்பதோ ஒரு வினாடிக்குள். சில விளக்குகள் ஓசோனையும் உமிழும்; தொய்வுக்காரருக்கு அது கேடு.

நல்ல வடிகட்டியை வாங்கித் தவறாது மாற்றச் சொன்னேன். பூனையைப் பற்றிப் பேசினால் மருமகன் அழுவானாம்.