காமிராவுக்குச் சிறைவாசம்

காமிராவோடு ஊர் சுற்றப் புறப்படும் சிநேகிதர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்குப் பயமாயிருக்கிறது. முதுகில் கறுப்பாக ஒரு மூட்டை. ஆளுக்குப் பின்னால் மூட்டை நடக்கிறதா, மூட்டைக்கு முன்னால் ஆள் நடக்கிறாரா என்று சொல்ல முடிவதில்லை. "என்ன ஸார், இமயமலைக்கா?" என்று கேட்டால், "இல்லை, திருவையாறு வரைதான்" என்கிறார்கள்.

சிரிக்கிறேனே ஒழிய, நானும் அப்படித் திரிந்தவன்தான். சில வருஷங்களுக்கு முன் மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்குப் போனேன். கடைக்காரர் பேச்சை நம்பி வாங்கிய பெரிய பை முதுகில் இருந்தது. விடியற்காலையில் அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே கழுத்தை நீட்டுகிறது. பச்சையென்றால் விளைச்சல் நன்றாயிருக்கும் என்பது நம்பிக்கை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பையை முதுகிலிருந்து கழற்ற முயன்றேன். ஒரு தோள் கழன்றது. மறு தோள் கழலவில்லை. கழன்றாலும் அந்த நெரிசலில் கீழே வைக்க ஒரு சாண் இடமில்லை. என் பக்கத்தில் ஒருவர், தண்ணீர் நிரப்பிய ஆட்டுத்தோல் பையைத் தோளில் தொங்கவிட்டிருந்தார். அழகர் வந்தார், அவர் பையை ஓர் அமுக்கு அமுக்கினார், தண்ணீர் பீய்ச்சியது. அவருடைய பை வேண்டிய நொடியில் வேலை செய்தது. என் பை காமிராவைப் பத்திரமாகக் காத்தது. படத்தைக் கோட்டை விட்டேன்.

அன்றே எனக்குப் புத்தி வந்தது. பை என்பது காமிராவைப் பூட்டி வைக்க அல்ல, வெளியே எடுக்க. 'எத்தனை லென்ஸ் கொள்ளும்?' என்று கேட்டு வாங்குகிறவர், வீட்டுக்கு பீரோ வாங்குகிறார். பிரயாணத்துக்குப் பை வாங்கவில்லை.

பிலடெல்பியா நகரப் பத்திரிகை ஒன்றில் புகைப்படக்காரராயிருந்த ஜிம் டோம்கி என்பவர் 1970களில் இந்த ரகசியத்தைக் கண்டுகொண்டார். அவர் அமைத்த கித்தான் பையில் தடித்த மெத்தையில்லை. இடுப்போரமாகத் தொங்கும், மூடியைத் தூக்கினால் கை நேரே காமிராவைத் தொடும்.

"ஒரே தோளில் சுமந்தால் வலிக்காதா?" என்பார்கள். வாஸ்தவம். நாள் முழுதும் மலையேறுகிறவருக்கு, பாரத்தை இடுப்பில் தாங்கும் முதுகுப் பைதான் நல்லது. ஆனால் வலிக்குமளவு சுமப்பானேன்? நம் உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பிரயாணி கையோடு எடுத்துப் போகப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. உபரி லிதியம் பேட்டரிகளையோ, சரக்கில் போடவே கூடாது. கூடவே வைத்திருக்க வேண்டும். ஒரு காமிரா, இரண்டு லென்ஸ், மாற்று பேட்டரி, மழைக்கு ஓர் உறை. இதற்குமேல் சுமப்பது ஆசையல்ல, அவநம்பிக்கை.

வீடு திரும்பியதும் காமிராவைப் பைக்குள்ளேயே உறங்க விடாதீர்கள். ஈரம் குடித்த பைக்குள் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்த முறை கடைக்குப் போனால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடுங்கள். மூன்று எண்ணுவதற்குள் காமிரா கைக்கு வருகிறதா? வராவிட்டால் அந்தப் பையைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். அழகர் அதற்குமேல் காத்திருக்க மாட்டார்.