நாடியில் தையல் போட்டதும் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை வளர்ப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று காய்கறிக் கடை வாசலில் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவனைப் பார்த்தேன். ஹெல்மெட் போட்டிருந்தான், சந்தோஷம். ஆனால் பெட்ரோல் டேங்க் மேல் மூன்று வயது மகள், தலையில் ரிப்பன் மட்டும். கேட்டதற்கு, "பக்கத்துலதான் டீச்சர்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் பழையது.

தொண்ணூறுகளில் என் வகுப்பில் ஒரு பையன். மதிய உணவுக்குத் தட்டு கழுவப் போன இடத்தில் பாசி வழுக்கி, சிமெண்டுத் திண்டில் நாடி இடித்து விழுந்தான். ரத்தம் கொட்டியது. துணியை வைத்து அழுத்தி, சைக்கிளில் டாக்டரிடம் கொண்டுபோனோம். மூன்று தையல், ஒரு ஊசி, முடிந்தது. இரண்டு நாள் கழித்து அவன், "சாப்பிட்டா காதுகிட்ட வலிக்குது டீச்சர்" என்றான். "தையல் இருக்குல்லடா, அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னேன். அந்தப் பதிலை நான் இன்றுவரை மறக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அவனைப் பார்த்தேன். சோற்றைச் சின்னச் சின்னதாக உருட்டி, பல்லிடுக்கில் தள்ளித் தள்ளிச் சாப்பிட்டான். வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. நாடி சிறுத்து ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அன்று விழுந்தபோதே காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு உடைந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை, எலும்பு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பிறகு மருத்துவர்கள் சொன்னார்களாம். பெரிய அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் வாய் திறக்கும் பயிற்சி. இப்போது நன்றாக இருக்கிறான்.

அடி நாடியில், உடைவது காதோரத்தில். இதைப் புரிந்துகொள்ளுங்கள். கீழ்த்தாடை குதிரை லாடம் மாதிரி வளைந்த எலும்பு. முன்னால் குத்தும் விசை இரு கைகளின் வழியாகப் பின்னால் போய், மூட்டுக்குக் கீழே உள்ள மெல்லிய கழுத்தை முறிக்கும். சிறு பிள்ளைகளுக்கு எலும்பு இளசு. முழுதும் உடையாமல் பச்சைக் குச்சி போல வளைந்து கீறுவதும் உண்டு. வெளியே வீக்கம்கூடப் பெரிதாகத் தெரியாது. கிழிந்த தோல்தான் எல்லார் கண்ணிலும் படும்.

அதனால் நாடி கிழிந்தால், தையல் போடும்போதே "தாடையையும் பாருங்கள்" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் என்ன கூச்சம்? பற்கள் முன்போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிறதா, வாயைத் திறக்கும்போது தாடை ஒரு பக்கம் இழுக்கிறதா, காதுக்கு முன்னால் வலிக்கிறதா, காதிலிருந்து ரத்தம் வருகிறதா, பிள்ளையின் மூன்று விரல்கள் நெடுக்குவாட்டில் வாய்க்குள் போகிறதா என்று நீங்களும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்றே முகத்தாடை அறுவைப் பிரிவு இருக்கிறது.

உடனே கத்தி வைத்துவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். பிள்ளைகளுக்கு இந்த மூட்டு முறிவில் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது. குழைந்த சாதம், கஞ்சி, வலிக்கு மருந்து, கொஞ்ச நாள் ஓய்வு, பிறகு சீக்கிரமே வாய் திறக்கும் பயிற்சி. வாயை வாரக்கணக்கில் கட்டிப் போட்டால்தான் மூட்டு இறுகும். பிள்ளைகளின் எலும்பு இரண்டு மூன்று வாரத்திலேயே கூடிவிடும் என்பதால் தாமதிக்கக் கூடாது. வளரும் மூட்டு என்பதால் வருடக்கணக்கில் காட்டிக்கொண்டே இருக்கவும் வேண்டும். "வலிதான் போயிடுச்சே" என்று நிறுத்துபவர்கள்தான் நம்மில் அதிகம்.

இன்னொன்று. பந்து கண்ணில் பட்டு, கண் பார்க்க வெள்ளையாக நன்றாகவே இருக்கும். ஆனால் பிள்ளை மேலே பார்க்க முடியாமல் தவிக்கும், வாந்தி எடுக்கும். கண்குழி எலும்பு கீறி, அதில் கண்ணின் தசை சிக்கியிருக்கலாம். அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும்.

வண்டிக்கு வருகிறேன். நான்கு வயதுக்கு மேல் எல்லாருக்கும் ஹெல்மெட் என்று 2019 சட்டத்திருத்தம் சொல்கிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை ஹெல்மெட்டோடு, ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பில் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்தப் பட்டை கட்டிய ஒரு குழந்தையையும் நான் பார்த்ததில்லை. குழந்தைக்குச் சைக்கிள் ஹெல்மெட் போதும் என்கிறது விதி. அது தலையைக் காக்கும், நாடியைக் காக்காது. ஆகவே டேங்க் மேல் உட்கார வைக்கவே கூடாது என்பது என் கருத்து. பிரேக் போட்டால் முதலில் ஹேண்டில்பாரில் இடிப்பது அந்தப் பிஞ்சு நாடிதான்.

காய்கறிக் கடை வாசலில் பார்த்தவனே, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். பெயரைச் சொல்லவில்லையடா. ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. பட்டையோடு வா.