விதி எண்டு முடிச்சிடாதீங்க

2004 டிசம்பர் 26ஐ வினாயகபுரம் மறக்காது. இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைக் கொண்டுபோனது நம்ம அம்பாறை மாவட்டத்தில்தான். வருசா வருசம் விளக்கேற்றுகிறோம், சரி. கடல் வராத நாட்களில் யார் நம்மைக் கொல்வது?

நாட்டில் நூறு சாவில் எண்பதுக்கு மேல் மாரடைப்பு, பாரிசவாதம், புற்றுநோய், சீனி வருத்தம் போன்ற தொற்றா நோய்களால். செத்த வீட்டில் மட்டும் ‘விதி’ எண்டு முடிச்சிடுவோம்.

பிரஷரையும் சீனியையும் அரசாங்கம் இலவசமாகத்தான் பார்க்கிறது. ஆனால் பெரும்பாலும் வேலைநாளில், காலையில். கடலுக்கும் வயலுக்கும் போறவர் ஒருநாள் கூலியை விட்டுட்டு வருவாரா? பின்னேரமும் ஞாயிறும் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது நாமதான். அதுவரைக்கும், இந்த வாரமே உங்கட அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க.