கண்டமாலைக்குத் தாயத்தா?

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலாளத் தோழர்களே! கழுத்தில் வரிசையாக நெறி கட்டித் தடித்தால், நம் முன்னோர் அதைக் "கண்டமாலை" என்றார்கள். கண்டமென்றால் கழுத்து, மாலை போன்ற கட்டி, அவ்வளவே. கண்ணில் பட்டதைச் சொன்ன பேரே தவிர, காரணம் சொன்ன பேரல்ல. அது குற்றமுமல்ல. ஆனால் காரணம் தெரியாத இடத்தில் "முன்ஜென்ம பாவ"த்தைப் புகுத்தி, நீங்கள் நாளெல்லாம் தோலோடு மாரடித்துச் சம்பாதித்த கூலியைத் தாயத்துக்குப் பறிப்பதுதான் அயோக்கியத்தனம்.

வெள்ளைக்காரனும் இம்மடமைக்கு விலக்கல்ல. இங்கிலாந்தில் இதே கட்டி, அரசன் கை பட்டால் தீருமென்று நம்பினார்கள். 1714-இல் ஆன் ராணி இறந்ததோடு அங்கே அவ்வழக்கம் ஒழிந்தது. 1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டு காட்டினார். கண்டமாலை பெரும்பாலும் அக்கிருமியின் வேலையே. அரசன் கைக்குச் சாகாத கிருமி, மந்திரவாதியின் முணுமுணுப்புக்குச் சாகுமா?

கழுத்துக் கட்டி காசமாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். ஊசியால் துளி எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு தொடங்கிய வைத்தியசாலை, இன்று பெரும் மருத்துவக் கல்லூரியாக வேலூரில் நிற்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியிலோ காசத்துக்கு மருந்து இனாம்; பெரும்பாலோருக்கு ஆறு மாதம் தவறாமல் தின்றால் தீரும்.

மந்திரவாதி வாசலில் கழியும் ஒவ்வொரு வாரமும் அவனுக்கு லாபம், கட்டிக்கும் லாபம், நஷ்டம் உங்களுக்கே!