துருப்பிடித்த கேட்டும் ஒரு பாடம்தான்!

சேந்தமங்கலம் தாண்டி கொல்லிமலைக்கு பைக்கில் கிளம்பினால், காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத்தான் நமக்கு ஆசை. வழியில் ஒரு சந்துக்குள் நிற்கும் பழைய தேவாலயத்தையும், வெல்டிங்கே இல்லாமல் ரிவெட் அடித்த அதன் கோணல் கேட்டையும் யாரு பார்க்கிறா? "எடைக்குப் போட்டுட்டு பைப் கேட் வைக்கலாம்டா" என்றான் நண்பன். நானும் சிரித்தேன்.

அப்புறம்தான் படித்தேன். அந்த மலையில் மிஷனரியாக உழைத்து 1929-ல் காய்ச்சலில் இறந்த ஜெஸ்ஸி பிராண்ட், மக்களுக்குத் தச்சுவேலை கற்றுத் தந்தவர். 1914-ல் பிறந்த அவர் மகன் பால், லண்டனில் முதலில் பழகியது கட்டட வேலை. பிறகே டாக்டரானார். வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார்.

கோணலை நிமிர்த்துவதுதானே நம்ம படிப்பும்? சபையாரிடம் கேட்டு, துரு சுரண்டி, கீல் மாற்றி, ரெட் ஆக்சைடு அடித்தால் அந்தக் கேட் இன்னும் நிற்கும். சிவில், மெக்கானிக்கல் தோழர்களே, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வர்றீங்களா?