கதைப் பெட்டகம்: உதவாக்கரை என்று ஊர் சொன்ன அம்மா



போன மாதம் இந்தப் பகுதியில் தீக்குச்சி விற்ற சிறுமியின் கதையைச் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தோட்டத்துச் சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். மகளுக்கு வாசித்துக் காட்டினாராம். பிள்ளை இரவெல்லாம் தூங்கவில்லை. "அந்தப் பிள்ளையை ஏம்மா யாருமே வீட்டுக்குள்ளே கூப்பிடலே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். தேவதைக் கதை என்றால் கடைசியில் கல்யாணம், விருந்து என்றுதானே முடிய வேண்டும், பிள்ளைகளுக்குச் சாவுக் கதை எதற்கு என்பது அவருடைய வருத்தம்.

நியாயமான வருத்தம்தான். மழுப்பாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

போன இதழைத் தவறவிட்டவர்களுக்காகக் கதைச் சுருக்கம் இது. புத்தாண்டுக்கு முந்திய இரவு. பனி கொட்டுகிறது. வெறுங்காலோடு ஒரு சிறுமி தீக்குச்சி விற்கிறாள். பகலெல்லாம் அலைந்தும் ஒரு காசு சேரவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் அப்பா அடிப்பார். குளிர் தாங்காமல் ஒரு சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்து, குச்சிகளை ஒவ்வொன்றாக உரசுகிறாள். அந்தச் சின்ன வெளிச்சத்தில் சூடான அடுப்பு தெரிகிறது, வறுத்த வாத்து தெரிகிறது, கடைசியில் இறந்துபோன பாட்டியே தெரிகிறாள். பாட்டி அவளை வாரி எடுத்துக்கொண்டு கடவுளிடம் போகிறாள். விடிந்ததும் தெருவில் போனவர்கள் பார்த்தது விறைத்துப்போன உடம்பையும், உதட்டில் இருந்த சிரிப்பையும்தான். "பாவம், குளிர்காயப் பார்த்திருக்கிறாள்" என்று பேசிக்கொள்கிறார்கள்.

இதை எழுதியவர் டென்மார்க் நாட்டின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். 1845இல் ஆண்டு மலர் வெளியிடுகிற ஒருவர் மூன்று படங்களை அனுப்பி, ஏதாவது ஒன்றுக்குக் கதை எழுதித் தரச் சொன்னார். தீக்குச்சிக் கட்டோடு நிற்கும் ஏழைச் சிறுமியின் படத்தை ஆண்டர்சன் எடுத்துக்கொண்டார். ஏன் அந்தப் படம் என்று நாமே ஊகிக்கலாம். அவருடைய அம்மா சிறு பிள்ளையாக இருந்தபோது, வீட்டார் பிச்சை எடுத்து வரச் சொல்லித் துரத்தினார்களாம். கை நீட்ட வெட்கப்பட்டு, ஒரு பாலத்தடியில் உட்கார்ந்து நாள் முழுக்க அழுதிருக்கிறார் அந்த அம்மா. இதை ஆண்டர்சனே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் 1805இல் ஓடென்ஸ என்ற ஊரில் பிறந்தவர். அப்பா செருப்புத் தைப்பவர், அம்மா துணி வெளுப்பவர். குடியிருந்தது ஒரே ஓர் அறை. நம் பழைய லயத்து வீடு அதைவிடப் பெரியது என்று சொல்லலாம். அப்பாவுக்குப் படிப்பில் ஆசை, மகனுக்கு அரபுக் கதைகளை வாசித்துக் காட்டுவார். அம்மாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. பாட்டி ஊர் மருத்துவமனையில் தோட்ட வேலை பார்த்தார். பேரன் கூடவே போவான். அங்கே நூல் நூற்றுக்கொண்டிருந்த ஏழைக் கிழவிகள் அவனுக்குக் கதை கதையாகச் சொன்னார்கள். 1816இல் அப்பா போய்விட்டார். 1819இல், 14 வயதில், நாடகத்தில் சேரும் ஆசையோடு பையன் தலைநகரத்துக்குப் புறப்பட்டான்.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். 1852இல் ஆண்டர்சன் "அவள் உதவாக்கரை" என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கதை எழுதினார். தீக்குச்சிச் சிறுமியைத் தெரிந்த அளவுக்கு இதை யாருக்கும் தெரியாது. எனக்கோ இதுதான் நெஞ்சுக்கு நெருக்கம்.

ஊர்ப் பெரிய அதிகாரி சன்னலோரம் நிற்கிறார். முகம் மழித்து, சட்டையில் ஊசி குத்தி, மிடுக்கான தோற்றம். வெளுக்கிறவளின் மகன் தெருவில் போகிறான். பையில் ஒரு போத்தல் சாராயம், அம்மாவுக்கு. "உன் அம்மா உதவாக்கரை" என்கிறார் அதிகாரி, பிள்ளையின் முகத்துக்கு நேராகவே. பிள்ளை தலைகுனிந்து ஆற்றுக்குப் போகிறான். அங்கே அம்மா ஓடுகிற தண்ணீரில் நின்று துணி அடித்துக்கொண்டிருக்கிறாள். ஆறு மணி நேரமாக நிற்கிறாள். ஒரு வாய் குடித்துவிட்டு, இது சூடான சோறு சாப்பிட்ட மாதிரி, அதைவிட விலையும் குறைவு என்கிறாள்.

அவள் இளவயதில் அந்த அதிகாரியின் தாய் வீட்டில்தான் வேலை பார்த்தாள். அதிகாரியின் தம்பி அவள்மேல் உயிராக இருந்தான். உனக்கும் அவனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்று எசமானி பக்குவமாகப் பேசிப் பிரித்து, கையுறை தைக்கும் ஒரு தொழிலாளிக்கு அவளைக் கட்டிவைத்தாள். புருசனும் போய்ச் சேர்ந்தபின் ஆறுதான் கதி. அந்தத் தம்பி இறந்த செய்தியை ஆற்றங்கரையில் கேட்டதும் அவள் தலைசுற்றி விழுகிறாள். அப்புறம் நெடுநாள் இல்லை. அவள் செத்த பிறகுதான் தெரிகிறது, அந்தத் தம்பி அவளுக்கென்று 600 ரிக்ஸ்டாலர் எழுதி வைத்திருந்தான் என்று. அதிகாரி அப்போதும் வாயை மூடவில்லை. அவள் போனதே நல்லது என்கிறார்.

அம்மா உண்மையிலேயே உதவாக்கரையா என்று பிள்ளை அழுதுகொண்டே கேட்கிறான். மாரன் என்ற கால் ஊனமான கிழவி, அம்மாவின் சிநேகிதி, வானத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறாள். உன் அம்மா உதவியவள். உலகம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், மேலே இருக்கிற கடவுளுக்குத் தெரியும் என்கிறாள். அவ்வளவுதான் கதை.

இது கற்பனை மட்டுமல்ல. சிறுவயதில் தம் ஊரில் ஒரு வெளுக்கிறவளை இப்படித்தான் ஒருத்தி திட்டினாள் என்றும், தம் அம்மா குறுக்கிட்டு, பாவம், குளிர்ந்த தண்ணீரில் நிற்கிறாள், சூடாக ஒரு வாய் சாப்பாடு கிடையாது, பிள்ளையை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாள் பார் என்று பரிந்து பேசினார் என்றும் ஆண்டர்சன் குறிப்பு எழுதியிருக்கிறார். அந்த அம்மாவும் அதே ஆற்றில் நின்றவர்தான். கடைசிக் காலத்தில் அவரும் குடியில் விழுந்து, தர்ம விடுதி ஒன்றில் 1833இல் கண் மூடினார். செய்தி மகனை எட்டியபோது அவர் ரோமாபுரியில் இருந்தார்.

குடிக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். கள்ளும் சம்சுவும் எத்தனை லயத்து அடுப்புகளை அணைத்தன என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? என் அம்மா குடித்தவரும் இல்லை. ஆனால் ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டில், தம்பிக்குக் காய்ச்சல் கண்டதால் அவனை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுச் சற்றுத் தாமதமாக வந்ததற்கு, அத்தனை பேர் முன்னால் ஒருவர் அவரை உதவாக்கரை என்றார். அவர் யார் என்பது இங்கே வேண்டாம். நான் பால்வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் நிரைக்குப் போனார். அன்றைக்கு எனக்கு வானத்தைக் காட்ட ஒரு மாரன் இல்லை. பல வருசம் கழித்து நூலகத்தில் இந்தக் கதையைப் படித்தபோதுதான் அந்த அழுகை வந்தது.

சகோதரி, கல்யாணத்தில் முடியும் கதைகள் ஏராளம் உண்டு. ஆண்டர்சனின் கடற்கன்னிக்குக்கூட 1989இல் வந்த படத்தில் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். 1837இல் அவர் எழுதியதிலோ இளவரசன் வேறு பெண்ணை மணக்கிறான். கடற்கன்னி ஏங்கியது அவனுக்காக மட்டுமல்ல, அழியாத ஓர் ஆன்மாவுக்காகவும். எறும்புக்கும் ஆன்மா உண்டு என்று வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகப் படும். அதை இன்னொரு மாதம் பேசுவோம்.

பாட்டி வந்து அழைத்துப்போனாள் என்பதற்காகத் தெருவில் போனவர்கள் குற்றமற்றவர்கள் ஆகிவிடவில்லை. ஏன் யாரும் உள்ளே கூப்பிடவில்லை என்று உங்கள் மகள் கேட்டாளே, அதைக் கேட்க வைக்கத்தான் அவர் அந்தக் கதையை எழுதினார் என்று நினைக்கிறேன். அவளுக்குப் பதில் சொல்ல உங்களுக்கு வாய் வராவிட்டால் பரவாயில்லை, மாரனின் கதையைச் சொல்லுங்கள். படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம். பகலில், துணி துவைக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.