துணை யார் என்று கேட்ட தலம்

திருக்கோயிலுக்குச் செல்லும் பெரும்பாலோர் அர்ச்சனைத் தட்டோடு ஒரு விண்ணப்பத்தையும் ஏந்தியே செல்கின்றனர். மகளுக்கு நல்ல வரன், பேரனுக்கு வேலை, தமக்கு முழங்கால் வலி தீர்தல் என்று அது நீளும். அதில் குறை ஏதுமில்லை. தம்பிரான் தோழராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகளே கூசாமல் கேட்டவர்தாம். அவரே, தமக்கென்று எதையும் வேண்டாமல், இறைவனுக்காகக் கவலைப்பட்டு உருகிய தலம் ஒன்று சோழநாட்டுக் கடற்கரையில் உள்ளது. நாகப்பட்டினத்தில் தொடங்கித் தெற்கே கோடியக்கரையில் நிறைவுறும் அந்தக் கடலோர வழியை ஒரே நாளில் தரிசித்துத் திரும்பலாம்.

நாகைக் காரோணத்தில் காயாரோகணேசுவரர் நீலாயதாட்சி அம்மையுடன் எழுந்தருளியுள்ளார். புண்டரீக முனிவரை உடலோடு ஏற்றுக்கொண்டமையால் காயாரோகணம் என்ற பெயர் வந்தது என்பது தலவரலாறு. சப்த விடங்கத் தலங்களுள் ஒன்றாகிய இங்கே, தியாகராசப் பெருமானின் நடனம் கடலலையின் அசைவை ஒத்தது என்பர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு மன்னர் இக்கோயிலுக்கு மணிகள் பதித்த அணிகலன்களையும் சீனப் பொன்னையும் வழங்கிய செய்தியை இங்குள்ள கல்வெட்டுகள் கூறுகின்றன.

மன்னர் வழங்கிய பொன்னினும் உயர்ந்தது இவ்வூர் மீனவர் ஒருவரின் காணிக்கை. அறுபத்து மூவருள் ஒருவராகிய அதிபத்த நாயனார், நாள்தோறும் வலையில் அகப்படும் முதல் மீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒரு மீனே கிடைத்த நாள்களிலும் அந்த நியமம் தவறவில்லை. வறுமை முற்றியிருந்த வேளையில் வலையில் சிக்கியது பொன்னும் மணியும் இழைத்த மீன். அதனையும் அவர் கடலிலேயே விட்டார்.

இதே நாகையில்தான் சுந்தரர் முத்தும் மணியும் பட்டும் சாந்தும் குதிரையும் வேண்டிப் பதிகம் பாடினார். தோழமையின் உரிமையால் கேட்டார். பெருமானும் கொடுத்தருளினார் என்கிறது பெரியபுராணம்.

வேறொரு சமயம், சேரமான் பெருமாள் நாயனாருடன் சுந்தரர் பாண்டிநாடு நோக்கிப் புறப்பட்டார். நாகையிலிருந்து 50 கி.மீ.க்கு உட்பட்ட தொலைவிலுள்ள திருமறைக்காடு, அந்தப் பயணத்தில் அவ்விருவரும் வணங்கிய தலங்களுள் ஒன்று. இன்று வேதாரண்யம் என வழங்கும் அவ்வூரில், வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்ட கதவை அப்பர் பெருமான் ஒரு பதிகம் முழுவதும் பாடித் திறப்பித்தார். திருஞானசம்பந்தர் பாட, அக்கதவு முதற்பாட்டிலேயே மூடிக்கொண்டது. திறப்பதற்கு நேர்ந்த தாமதத்தை எண்ணி அப்பர் வருந்தினார் என்று படிக்கும்போது, அடியார்களும் நம்மைப் போல் நெஞ்சம் கலங்கியவர்களே என்பது விளங்கும்.

'வேதாரண்யம் விளக்கழகு' என்பது முதுமொழி. இக்கோயில் விளக்கின் நெய்யை உண்ண வந்த எலி ஒன்று, தன்னையறியாமல் திரியைத் தூண்டி அணையவிருந்த சுடரை ஓங்கச் செய்தது. அப்புண்ணியத்தால் அது மறுபிறவியில் மாவலி மன்னனாகப் பிறந்தது என்பர். அறியாமல் செய்த தொண்டுக்கே இத்தனை பயன் என்றால், அறிந்து செய்வதன் பயனைச் சொல்லவும் வேண்டுமோ!

அங்கிருந்து தெற்கே செல்லும் சாலையில் சம்பந்தர் பாடிய அகத்தியான்பள்ளி. அதைச் சூழ்ந்து உப்பளங்கள். 1930ஆம் ஆண்டு இராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகம் நிகழ்ந்த மண் இது. அதனைக் கடந்து காட்டுக்குள் நுழைந்தால் கோடிக்குழகர் கோயில். கோடி என்பது நிலத்தின் கடைமுனை. குழகர் என்பது இளமையும் அழகும் உடையவர் என்று பொருள்படும். அமிர்தம் சிந்திய இடமாதலால் அமிர்தகடேசுவரர் என்றும் பெருமான் போற்றப்படுகிறார்.

இங்கே வந்து நின்ற சுந்தரருக்குப் பொன்னும் நினைவுக்கு வரவில்லை, பட்டும் நினைவுக்கு வரவில்லை. கடற்காற்று விரைந்து வந்து மோதுகிறது. அருகில் குடியிருப்பு ஏதும் இல்லை. அடர்ந்த காட்டில் ஆந்தையும் கூகையும் குழறுகின்றன. வேடர்களோ பொல்லாதவர்கள். இத்தகைய இடத்தில் யாரைத் துணையாகக் கொண்டு தனியே இருக்கின்றீர் என்று அவர் மனம் நொந்து வினவினார். உலகத்துக்கே துணையானவனைப் பார்த்து, தனித்திருக்கும் உறவினரைக் கண்டவர் போல் கேட்ட பதிகம் அது. ஏழாம் திருமுறையில் உள்ளது.

அவர் கண்ட காடு இன்றும் உண்டு. வெளிமான்கள் திரியும் சரணாலயமாக அது காக்கப்படுகிறது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும், 2018ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயலும் இக்கடற்கரையைக் கலக்கின. ஆடி, தை அமாவாசைகளில் கோடியக்கரையில் கடலாட மக்கள் திரள்வர். மற்ற நாள்களில் குழகர் சன்னிதியில் காற்றின் ஓசையே மிகுதி. அத்தகைய நாளில் அங்கு ஏற்றப்படும் ஓர் அகல், சுந்தரர் கேட்ட கேள்விக்கு அடியவர் தரும் விடை.

செல்ல விரும்பும் மூத்த அன்பர்கள் விடியற்காலையில் நாகையில் தொடங்கி, நண்பகலில் நடை சாத்துமுன் மறைக்காட்டில் தரிசனம் முடிப்பது நலம். வெயில் தாழும் வரை அங்கேயே இளைப்பாறி, மாலையில் குழகரை வணங்கி, இருட்டுமுன் காட்டுச் சாலையைக் கடந்து திரும்பலாம். குடிநீரும் வேளை மருந்தும் கையில் இருக்கட்டும். விளக்குக்கு நல்லெண்ணெயும் திரியும் மறவாமல் கொண்டு செல்லுங்கள். உடல் ஒத்துழையாதவர்கள், அவ்வழியே செல்லும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பலாம்.

சன்னிதியில் நிற்கும்போது சொந்த விண்ணப்பங்கள் சற்றே காத்திருக்கட்டும். முதலில், பெருமானே, தனியாகவா இருக்கின்றீர் என்று கேளுங்கள். அப்படிக் கேட்ட பின்னும் விண்ணப்பம் நினைவிலிருந்தால், அதையும் சொல்லலாம். தோழமைக்கு இரங்குபவர் அவர்.